அப்பாவின் கப்பல் மணிக்கூட்டைத் திருத்தின அனுபவம்

வீட்டில் பழைய மணிக்கூடு இருப்பவர்கள் அதன் கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். பிறந்தது வல்வெட்டித்துறை. குடியிருந்தது அம்மாவின் சீதன வீட்டில், கொக்குவிலில். சிங்கப்பூரில் கப்பல் நின்றபோது வாங்கிய சீக்கோ கை மணிக்கூடு அது. சுழியோடிகளுக்கென்று செய்தது. தடித்த உருண்டை உடம்பு, சுற்றிலும் திருப்பக்கூடிய கறுப்பு வளையம், நாலு மணிப் பக்கம் திருகிப் பூட்டுகிற திருகு, முகத்தில் 150 மீற்றர் என்ற எழுத்து. சீக்கோ 1976 முதல் 1988 வரை செய்த 6309 என்ற இனம்.

வாங்கின வருசத்தை அம்மா ஒருவிதமாகச் சொல்வார், மாமா இன்னொருவிதமாகச் சொல்வார். பின்மூடியிலிருந்த தொடர் இலக்கம்தான் வழக்கைத் தீர்த்தது. அந்தக் காலச் சீக்கோவில் முதல் எண் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். எங்களுடையதில் 8, பிறகு 2. 1988 ஆக இருக்க வழியில்லை, ஏனென்றால் 83ஓடு அப்பா கப்பலை விட்டுவிட்டார். ஆகவே 1978 பெப்ரவரியில் செய்தது. அம்மா சொன்னதுதான் சரி. மாமா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் அறிந்த காலத்தில் அந்த மணிக்கூடு கடலைப் பார்த்ததில்லை. கிணற்றடியைத்தான் பார்த்தது. 1990க்குப் பிறகு யுத்தத்தால் யாழ் குடாநாட்டுக்குள் பற்றரி வரத் தடை. ஊரில் இருந்த பற்றரி மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. ரேடியோவைச் சைக்கிள் டைனமோவில் ஓட்டிச் செய்தி கேட்டோம், கை மணிக்கூட்டுக்கு அந்த வித்தை சரிவராது. அப்பாவினுடையது கை அசைவில் ஓடுவது. பக்கத்து வீட்டுப் பெடியள் வேலிக்கு மேலால் எட்டி, “ஐயா, நேரம் என்ன?” என்று கேட்பார்கள்.

மண்ணெண்ணெய்க்கும் அதே தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையுமளவு எண்ணெய் விட்ட விளக்கில்தான் படிப்பு. ஒரு இரவுக்கு ஒரு மணித்தியாலம். அப்பா வளையத்தின் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி, மணிக்கூட்டைக் கழற்றிக் கொப்பிக்குப் பக்கத்தில் வைப்பார். முள் ஒரு சுற்றுச் சுற்றி முக்கோணத்துக்கு வந்தால் விளக்கு அணையும், கணக்குப் பாதியில் நின்றாலும்தான். ஒருநாள் அவர் முற்றத்தில் நின்ற நேரம் வளையத்தை இரண்டு பல் முன்னுக்குத் திருப்பிவிட்டேன். உள்ளே வந்தவர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் விளக்கை அணைத்தார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அது அவர் கையில் இருந்தது. திரும்பி வந்த 1996இல் அரசாங்கம் நேரத்தை மாற்றியது. மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு, ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு. கந்தோருக்குப் புதிய நேரம், கோயிலுக்குப் பழைய நேரம். அப்பா பழைய நேரத்தைவிட்டு அசையவில்லை. பஸ்ஸுக்குப் போகும்போது மனக்கணக்கில் அரை மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்வார். நாடே பழைய நேரத்துக்குத் திரும்பியது 2006 ஏப்ரலில். அப்பா 2004இல் போய்விட்டார்.

பிறகு அது அலுமாரியில் கிடந்தது. முதலில் கொழும்பில் ஒரு கடையில் கொடுத்தேன். என் பிழை, “புதுசு மாதிரி ஆக்கித் தாங்கோ” என்று வாயால் சொன்னவன் நான்தான். ஆக்கிவிட்டார்கள். உடம்பின் மேற்பக்கத்தில் இருந்த மெல்லிய வரிகள் எல்லாம் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. பின்மூடியில் அலை படம் ஒன்று உண்டு, அது பாதி அழிந்துவிட்டது. அப்பா குண்டூசியால் கீறின தன் பெயரின் முதலெழுத்து அடியோடு இல்லை. இவ்வளவும் செய்து, மூன்றாம் நாள் மணிக்கூடு நின்றது. உள்ளே ஒருவரும் கை வைக்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது தடவை யாழ்ப்பாணத்திலேயே தேடினேன். பெரிய கடைப் பக்கம், நகைக்கடைகளுக்கு நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு ஸ்டூலும் மட்டும் உள்ள இடம். அந்த ஐயாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். பின்மூடியைக் கழற்றி, உருப்பெருக்கியைக் கண்ணில் செருகி, கனநேரம் கதைக்கவே இல்லை. பிறகு ஊசி முனையில் எதையோ எடுத்துக் காட்டினார். கீல் மாதிரிக் கறுப்பாக, நூல் நூலாக இழுபட்டது. ஒருகாலத்தில் அது தண்ணீர் புகாமல் தடுத்த றப்பர் வளையம். “கிணத்துத் தண்ணி இதாலதான் போயிருக்கு” என்றார். திருகுப் பக்கத்து இரும்புத் துண்டுகளில் துரு, மற்ற இடமெல்லாம் ஒயில் காய்ந்து பிசின். ஓடுகிற பாகங்கள் பிழையில்லை என்று சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

முகத்தை மாற்றலாமா என்று நான்தான் கேட்டேன். எண்களுக்குப் பதிலாக இருக்கிற ஒளிப்புள்ளிகள் பனங்கட்டி நிறத்துக்கு வந்துவிட்டன, இருட்டில் ஒளிர்வதும் இல்லை. “இன்ரநெற்றில புது முகம் எவ்வளவும் கிடக்குத் தம்பி. ஆனா அதுகள் சீக்கோ செய்ததில்லை” என்றார். முகமும் முள்ளும் வளையமும் அப்படியே இருக்கட்டும், உள்ளே கழுவி ஒயில் விட்டு, துருப்பிடித்த இரண்டு துண்டையும் றப்பர் வளையங்களையும் மட்டும் மாற்றுவது என்று முடிவானது. றப்பர் வளையங்களை மச்சாள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பினா.

வேலை நடந்த ஒரு பின்னேரம் நானும் பக்கத்தில் இருந்தேன். அங்குமிங்கும் ஆடி நேரத்தை அளக்கிற சமநிலைச் சக்கரத்தின் அச்சைத் தாங்கும் கல்லைப் பிடித்துக்கொள்ள ஒரு குட்டி ஸ்பிரிங் இருக்கிறது, அடி விழுந்தால் அச்சு உடையாமல் காப்பது அதுதான். கடுகைவிடச் சின்னது. சாமணத்திலிருந்து துள்ளிப் பறந்தது. ஐயா பதறவில்லை. “ஒருத்தரும் கால எடுக்காதேங்கோ” என்று சொல்லிவிட்டு, மடியில் விரித்திருந்த வெள்ளைத் துணியை மெதுவாகத் தூக்கினார். அதில் இல்லை. அரை மணித்தியாலம் தேடி, கடைசியில் என் சேர்ட்டின் மடிப்பில் கண்டுபிடித்தார்.

பின்மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் கீறின ஒரு குறிப்பு இருந்தது: 3.4.86. திருத்துகிறவர்கள் அப்படித் தங்கள் திகதியைப் போடுவது வழக்கமாம். யார் என்று இனித் தெரியாது. ஐயா அதற்குக் கீழே தன்னுடையதைப் போடலாமா என்று கேட்டார். கொழும்பில் அழிந்ததை நினைத்துக்கொண்டு, போடுங்கோ ஐயா என்றேன்.

தண்ணீர் அழுத்தம் பார்க்கிற கருவி அங்கே இல்லை. மணிக்கூட்டை இளஞ்சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து, கண்ணாடிமேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டார். உள்ளே ஈரம் இருந்தால் கண்ணாடியின் உட்புறம் மங்குமாம். மங்கவில்லை. இருந்தாலும், “முகம் கழுவலாம், கடலுக்கு வேண்டாம்” என்றுதான் தந்தார்.

*

குருநகரிலிருந்து ஒருவர்:

உங்கள் வளையம் இரண்டு பக்கமும் திரும்புகிற இனம்தானே? என் சித்தப்பா சிலிண்டர் கட்டிக் கடலட்டை குளிக்கப் போனவர். முதலில் இப்படியான ஒன்றைத்தான் கட்டினார். ஒருநாள் வள்ளத்தின் விளிம்பில் தட்டுப்பட்டு வளையம் திரும்பியதை அவர் கவனிக்கவில்லை. கீழே போய்ப் பத்து நிமிடம்தான் ஆனது என்று மணிக்கூடு சொல்லிக்கொண்டிருக்க, காற்று முடியப்போகிறது. கூட வந்தவர் கையைப் பிடித்து மேலே கொண்டுவந்தார். பின்னால் வந்த சுழியோடி மணிக்கூடுகளில் வளையம் ஒரு பக்கம் மட்டும் திரும்புவது இதற்காகத்தான். தட்டுப்பட்டாலும் நேரம் கூடத்தான் காட்டும், குறையக் காட்டாது. சித்தப்பா அடுத்த மாதமே ஒருபக்க வளையம் உள்ளதை வாங்கினார். பழையதை எனக்குத் தந்தார். நான் அதைக் கட்டிக்கொண்டு வங்கியில் வேலை செய்கிறேன்.

சாவகச்சேரியிலிருந்து இன்னொருவர்:

எங்கள் தாத்தாவின் சீக்கோ ஃபைவ் இரண்டு வருசமாக அடிக்கடி நிற்கிறது. மேசையில் வைத்தால் நிற்கும், கட்டினால் ஓடும். பழுதா? உங்களுக்கு எவ்வளவு முடிந்தது? நேரத்தை இப்போது எதில் வைத்திருக்கிறீர்கள், பழையதிலா?

*

சாவகச்சேரி அண்ணைக்கு: கட்டினால் ஓடுகிறதென்றால் பயப்பட ஒன்றும் இல்லை. கை அசைவில் ஓடுகிற மணிக்கூட்டை இரண்டு நாள் கழற்றி வைத்தால் நிற்கத்தான் செய்யும். எங்களுடையதைத் திருகி முறுக்கவும் முடியாது, குலுக்கித்தான் எழுப்ப வேண்டும். ஆனால் கனகாலம் திறக்காததென்றால் ஒயில் காய்ந்திருக்கும், அப்படியே ஓடவிட்டால் பாகங்கள் தேயும். ஒருக்கால் கொடுத்துக் கழுவுவியுங்கள். கொடுக்கும்போது வெளியில் தேய்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எனக்குக் கூலி 9,500 ரூபா. கொழும்பில் கெடுத்ததற்கு அதைவிடக் கூடக் கொடுத்தேன்.

நேரம்: பழையதும் புதியதும் இப்போது ஒன்றுதானே. நாளுக்குப் பத்து விநாடி கூட ஓடுகிறது. ஞாயிறு சிவப்பு எழுத்தில் விழும், அன்றைக்கு எடுத்து ஒரு நிமிடம் பின்னுக்கு வைப்பேன். இந்த இனத்தில் திருகை இழுத்தாலும் விநாடி முள் நிற்காது, அது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். மிச்சப் பத்து விநாடியை அப்படியே விட்டுவிடுகிறேன்.