மாஸ்கோவுக்கு இன்லேண்ட் லெட்டர் போட்ட கதை

சின்ன வயசுல மனசுல நின்ன புக்கு எதுன்னு இங்க கேட்டதுக்கு எல்லாரும் அம்புலிமாமா, முத்து காமிக்ஸ்னு எழுதியிருக்கீங்க. எனக்கும் ஆரம்பம் அதேதான், சலூன்ல நம்ம முறை வந்தாக்கூட "நீங்க உக்காருங்கண்ணே"ன்னு பின்னாடி வந்தவரை அனுப்பிட்டு வேதாளம் கதைய முடிச்சிட்டுதான் எந்திரிப்பேன். ஆனா மண்டைக்குள்ள குடியேறின புக்கு வேற.

86னு நினைக்கிறேன், ஏழாவது படிக்கிறேன், கோவில்பட்டி பக்கம். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வேன் வந்து நின்னுச்சு, உள்ள பாதிக்கு மேல ரஷ்யன் புக்கு, கெட்டி அட்டை, நல்ல பேப்பர், விலை மட்டும் நம்மூர் புக்கைவிட கம்மி. மில்லு சம்பளம் வந்த வாரம்ங்கறதால அப்பா ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு. சோவியத்ல இருந்த கிர்கிஸ் நாட்டு எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவோட "முதல் ஆசிரியர்"ங்கற கதை.

கிர்கிஸ் மலை கிராமம், தூய்ஷேன்னு ஒரு வாத்தியார், அவருக்கே எழுதப் படிக்க அரைகுறையாத்தான் தெரியும், குதிரை லாயத்தை கூட்டிப் பெருக்கி பள்ளிக்கூடமாக்குறாரு, ஐஸ் மாதிரி ஓடைத் தண்ணியில புள்ளைகளை முதுகுல தூக்கிட்டு அக்கரை சேக்குறாரு. அல்தினாய்னு ஒரு அநாதைப் பொண்ணு, அவளை சித்தி பள்ளிக்கூடம் விடாம கல்யாணம்ங்கற பேர்ல தள்ளி விட்ருவா. இதைப் படிச்சப்போ தூரத்து நாட்டுக் கதையாவே தோணல, ஏன்னா எங்க க்ளாஸ்ல முதல் ரேங்க் எடுத்த புள்ளை அந்த வருசம்தான் நின்னுருச்சு, தீப்பெட்டிக் கட்டை அடுக்கப் போயிருச்சு. அவளைத் தேடி எந்த சாரும் போகல. நானும் போகலைதான்.

கதையில குன்று மேல ரெண்டு பாப்ளார் மரம் வரும். அது எப்படி இருக்கும்னே தெரியல. கடைசிப் பக்கத்துல வாசகர்கள் கருத்து எழுதுங்கன்னு போட்டு 17, சூபோவ்ஸ்கி புல்வார், மாஸ்கோன்னு அட்ரஸ் இருக்கும், நான் அதை நம்பி இன்லேண்ட் லெட்டர்ல "ஐயா, பாப்ளார் எங்க ஊர் அரசமரம் மாதிரி இருக்குமா"ன்னு எழுதி தபால் பெட்டியில போட்டுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு போஸ்ட்மேன் வீட்டு வாசல்ல நின்னு சிரிக்கிறாரு, "தம்பி, இது இந்தியாவுக்குள்ள மட்டும்தான் போகும்". தெருவுல கொஞ்ச நாள் எனக்கு மாஸ்கோன்னே பேரு.

91ல சோவியத் உடைஞ்சதோட அந்தப் புக்கு வரத்தும் நின்னு போச்சு. நான் பிற்பாடு வாத்தியார் ஆனேன், அந்தப் புக்குனாலதான்னு சொன்னா பொய், என் மார்க்குக்கு அதுதான் கெடச்சுச்சு. ஆனா ஒரு புள்ளை சேந்தாப்ல மூணு நாள் வரலன்னா சைக்கிளை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிருவேன், அதுக்கு மட்டும் அந்தப் புக்குதான் காரணம்.

போன வருசம் காஷ்மீர் டூர் போனப்போ ரோட்டோரம் பூரா நெட்டநெட்டையா மரம், டிரைவர் பாப்ளார்னாரு. அரசமரம் மாதிரி ஆளு இல்ல, நெட்டுக்குத்தலா ஒல்லியா நிக்குது. ஆனா காத்தடிச்சா இலை அதே சலசலப்பு!

அந்த இன்லேண்ட் இன்னும் புக்குக்குள்ளதான் இருக்கு. இங்க யாராச்சும் ஒழுங்கா ஃபாரின் ஸ்டாம்பு ஒட்டி அந்த அட்ரஸுக்கு எழுதினீங்களா? பதில் வந்துச்சா?