புவிச்சரிதவியல் படித்தால் வேலை இருக்கிறதா?

பதுளைப் பிள்ளை:
பேராதனை விஞ்ஞான பீடத்தில் படிக்கிறேன். புவிச்சரிதவியலைச் சிறப்புப் பட்டமாக எடுக்க ஆசை. "கல்லைப் படித்தால் யார் சோறு போடுவார்கள்? டீச்சர் வேலைக்குப் போ" என்கிறார் அப்பா. வேலை கிடைக்குமா?

ஹற்றன் அண்ணா:
தங்கச்சி, நான் அதைத்தான் படித்தேன். அணை, சுரங்கவழி வேலைகளில் துளையிட்டு எடுக்கும் பாறை மாதிரிகளைப் பார்த்துப் பதிவதுதான் இப்போது என் பிழைப்பு. அரச பக்கம் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், நீர்வளச் சபை உண்டு. நம்ம மலைக்கு முக்கியமானது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மண்சரிவு எச்சரிக்கை அங்கிருந்துதான் வருகிறது. 2014இல் உங்கள் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவில் தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகள் புதைந்ததை அப்பாவுக்கு ஞாபகப்படுத்துங்கள். எந்தச் சரிவில் வீடு கட்டலாம் என்று அறிக்கை எழுதும் இடத்தில் தோட்டத்துப் பிள்ளையும் இருக்க வேண்டாமா? ஆனால் அரச வெற்றிடம் எப்போதாவதுதான் வரும். கணினியில் வரைபடத் தரவுகளைக் கையாளும் ஜிஐஎஸ் பழகுங்கள். சிங்களமும்.

இரத்தினபுரிக்காரன்:
மாணிக்கக்கல் ஆய்வுகூடங்களை விட்டுவிட்டீர்களே! போகல காரீயச் (கிராஃபைட்) சுரங்கமும் இருக்கிறது.

பதுளைப் பிள்ளை:
நன்றி அண்ணா. வெளிக்கள வேலைக்குப் பெண்பிள்ளைகளும் போவார்களா? இது அம்மாவின் கேள்வி.

ஹற்றன் அண்ணா:
தாராளமாக. எங்கள் வகுப்பில் நிறையப் பேர் பெண்கள்தான். அப்புறம், அட்டைக்கடிக்குச் சவர்க்காரம் கொண்டுபோங்கள்.