புதுப்பிப்பு: எம்.டிவ். முதலாண்டு முடிந்தது

சபை ஊழியத்துக்கு இரண்டு ஆண்டு எம்.ஏ. இறையியல் போதுமா, மூன்று ஆண்டு எம்.டிவ். (சபை ஊழியப் பயிற்சியும் சேர்ந்த இறையியல் முதுகலைப் பட்டம்) வேண்டுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். எம்.டிவ். சேர்ந்தேன், முதலாண்டு முடிந்துவிட்டது. பிரசங்கம், ஆலோசனை, களப்பணி மூன்றும் ஊழியத்துக்குத் தேவை என்று நீங்கள் சொன்னது சரிதான்.

பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரெயம் வீண் சுமை என்று அப்போது எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் ரூத் 1:8-இல் 'தயை' என்றும் 3:10-இல் 'நற்குணம்' என்றும் வருவது மூலத்தில் ஒரே சொல், 'கெசெத்' (மாறாத அன்பு). அது தெரிந்த அன்று இரவே நான்கு அதிகாரங்களையும் மறுபடி வாசித்தேன். இத்தனை வருடம் இதைக் கவனிக்காமலே பிரசங்கித்திருக்கிறேன்!

களப்பணியில் மருத்துவமனைச் சந்திப்புதான் கடினம். நோயாளியின் அருகே பேசாமல் உட்கார்ந்திருக்க இன்னும் பழகவில்லை. அடுத்த பருவத்தில் கிரேக்கம்.