புதுப்பிப்பு: பி.எட். வைத்து ஆஸ்திரேலியா

கணித ஆசிரியைக்கு பி.எஸ்சி., பி.எட். தகுதியில் ஆஸ்திரேலிய விசா கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் விசாரித்ததால் இப்போதைய நிலவரம்.

189, 190, 491 என்ற எண்ணுள்ள திறன் விசாக்களில் எதற்குப் போனாலும் முதலில் ஏஐடிஎஸ்எல் (ஆசிரியர் தகுதியை மதிப்பிடும் ஆஸ்திரேலிய அமைப்பு) தரும் தகுதி மதிப்பீடு வேண்டும். பட்டப்படிப்பும் பி.எட்.டும் சேர்ந்தால் நான்காண்டு உயர்கல்வி நிபந்தனை சரியாகிவிடுகிறது. இழுத்தடித்தது வேறொன்று: பி.எட். படிக்கும்போது பள்ளியில் மேற்பார்வையுடன் குறைந்தது 45 நாள் பாடம் நடத்தியதற்கான அத்தாட்சி. கல்லூரியில் முதலில் கொடுத்த கடிதத்தில் ‘கற்பித்தல் பயிற்சி முடித்தார்’ என்று ஒரே வரி. அதை வைத்து என்ன செய்வது? நாள் கணக்கோடு லெட்டர்ஹெட்டில் மறுபடி எழுதி வாங்கி, முத்திரையும் போட வைத்தேன்.

அப்புறம் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு. அகாடமிக் தேர்வில் வாசிப்பு, எழுத்துக்கு 7, கேட்டல், பேச்சுக்கு 8. பேச்சில் எனக்கு அரை குறைகிறது. இத்தனை வருடம் வகுப்பில் கத்திய வாய்க்கு இப்படியா!

இந்த விசாக்களுக்குப் புள்ளிகள் வைத்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். 190-க்கு மாநில அரசின் நியமனத்தால் கூடுதலாக 5 புள்ளி, 491-க்கு 15. 491 தற்காலிகம்தான், சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் பெருநகரங்களுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். ஆனாலும் மூன்றாண்டுக்குப் பிறகு 191 விசா வழியாக நிரந்தரமாகலாம். என் மனம் அதில்தான். விசா வந்தாலும் வகுப்பில் நிற்க மாநில ஆசிரியர் பதிவு தனி. விக்டோரியா மாநிலம் என்றால் அங்குள்ள விஐடி என்ற அமைப்பில் பதிய வேண்டும்.