நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தை: அம்மாவோடு ஒரே நாளில் பார்க்க முடியுமா?

கேள்வி:
டிசம்பர் இரண்டாம் வாரம் அம்மாவை மியூனிக்கிலிருந்து நியூரம்பெர்க் சந்தைக்குக் கூட்டிப்போக நினைக்கிறேன். ஒரு நாள்தான். அவர்களுக்கு 68 வயது, மூட்டுவலி உண்டு. முட்டைகூடத் தொடமாட்டார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போனால் நல்லது? சாப்பிட ஏதாவது கிடைக்குமா?

பதில் 1:
தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாளைப் பாருங்கள். வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் கடைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் கூட்டம் தள்ளுகிற பக்கம்தான் போக முடியும். மூட்டுவலி உள்ளவர்களால் நினைத்த இடத்தில் நிற்கக்கூட முடியாது.

ஐசிஇ என்னும் அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். பயர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலத்துக்குள் செல்லும் ஒரு நாள் டிக்கெட்) எடுத்தால் செலவு குறையும், ஆனால் அது ஐசிஇ-யில் செல்லாது, வார நாட்களில் காலை 9 மணிக்கு முன்பும் செல்லாது. அதை வைத்துக்கொண்டு 9 மணிக்குப் பிறகு வட்டார ரயில் பிடித்தால், கீழே சொல்லும் 12 மணி கடிகார நிகழ்ச்சிக்கு நேரம் இறுக்கமாகலாம். அம்மாவுக்காக ஐசிஇ-யே எடுங்கள். பயண நாளை முன்கூட்டியே முடிவுசெய்து பதிந்தால் விலையும் குறையும்.

சந்தை நடக்கும் ஹாப்ட்மார்க்ட் சதுக்கத்தின் கிழக்கே ஃப்ராவன்கிர்ஷே தேவாலயம். அதன் முகப்புக் கடிகாரத்தில் தினமும் பகல் 12 மணிக்கு பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிருந்த ஏழு இளவரசர்களின் பொம்மைகள் பேரரசர் நான்காம் சார்லஸை மூன்று முறை சுற்றிவரும். அந்தத் தேர்தல் முறையை வகுத்து 1356-இல் அவர் வெளியிட்ட தங்க ஆணையின் நினைவாக வைத்தது. 11:45-க்கே போய் நில்லுங்கள். வாசலை ஒட்டி நின்றால் கழுத்து வலிக்கும், கொஞ்சம் பின்னால் நிற்பதே வசதி.

இதையும் தெரிந்துகொண்டு போங்கள். அந்தச் சதுக்கம் இருக்கும் இடத்தில் யூதர்களின் குடியிருப்பு இருந்தது. 1349-இல் அவர்களைக் கொன்று வீடுகளை இடித்துத்தான் இடத்தை எடுத்தார்கள். தேவாலயம் எழுந்ததும் இடிக்கப்பட்ட தொழுகைக்கூடத்தின் மேல்.

பதில் 2:
சாப்பாடுதான் சிக்கல். அங்கே பெயர்பெற்றது விரல் நீளப் பன்றி சாசேஜ், ஒரு பன்னில் மூன்று வைத்துத் தருவார்கள். லெப்கூகன் என்னும் மசாலா கேக்கில் பெரும்பாலும் முட்டை இருக்கும். அதில் உயர்ந்த ரகமான எலீசன் லெப்கூகனில் மாவு 10 சதவீதத்துக்கு மேல் கிடையாது. கொட்டைப்பருப்பைச் சேர்த்துப் பிடிப்பதே முட்டைதான், அதனால் அம்மாவுக்கு ஆகாது. உருளைக்கிழங்கைத் துருவிப் பொரிக்கும் கார்டோஃபெல்புஃபரிலும் பெரும்பாலும் முட்டை உண்டு. "ஓனே ஐ?" என்று கேட்டால் முட்டை இல்லாததா என்று சொல்லிவிடுவார்கள்.

யோசிக்காமல் வாங்கக்கூடியவை சுட்ட செஸ்ட்நட், சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம். குடிக்க, மது இல்லாத கிண்டர்புன்ஷ். க்ளூவைன் என்பது சூடான மசாலா ஒயின், இரண்டும் ஒரே மாதிரிக் கோப்பையில் வரலாம், மாற்றிக்கொள்ளாதீர்கள். விலையோடு கோப்பைக்கு டெபாசிட்டும் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். மதியத்துக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

கையில் ரொக்கம் வேண்டும். பல கடைகளில் கார்டு வாங்கமாட்டார்கள். கழிப்பறைக்கும் சில்லறை நாணயம் தேவைப்படும்.

பதில் 3:
நடையைக் குறைக்க வழி: ரயில் நிலையத்திலிருந்து யு1 மெட்ரோவில் ஒரே நிறுத்தம், லோரென்ஸ்கிர்ஷே. அங்கிருந்து பாலம் தாண்டி ஐந்தாறு நிமிடம், போகும்போது இறக்கம். திரும்பும்போது அதுவே ஏற்றம் என்பதை நினைவில் வையுங்கள். பெட்டி இருந்தால் நிலையத்து லாக்கரில் வைத்துவிடுங்கள்.

தரை முழுக்கக் கல் பாவியது. குளிர் காலடியிலிருந்துதான் ஏறும், அதனால் தடித்த அடிப்பாகமுள்ள ஷூவும் கம்பளிக் காலுறையும் கோட் அணிவதைவிட முக்கியம். நகரின் பழைய கோட்டைக்கு ஏறும் சாலை செங்குத்து, அம்மாவுக்கு வேண்டாம். பதிலாக லோரென்ஸ் தேவாலயத்துக்குள் உட்காருங்கள். சிற்பி ஃபைட் ஷ்டோஸ் 1518-இல் முடித்த மரச்சிற்பம் கூரையிலிருந்து தொங்குகிறது, அண்ணாந்து பார்த்தபடியே ஓய்வெடுக்கலாம்.

டிசம்பரில் நாலேகாலுக்குச் சூரியன் மறைந்துவிடும். விளக்கு ஏற்றிய சந்தை அப்போதுதான் அழகு. ஆனால் ஐந்தரைக்கு அலுவலகம் முடிந்த கூட்டமும் சேரும். எனவே நாலு முதல் ஐந்து மணிவரை சிவப்பு-வெள்ளைத் துணிக் கூரைகளுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஆறு மணிக்குள் ரயிலைப் பிடியுங்கள். சந்தை இரவு 9 வரை உண்டு, 24-ஆம் தேதி மட்டும் பகல் 2 மணிக்கே மூடிவிடும்.