புதுப்பிப்பு: இரவுக் காட்டுப் பாதையில் மங்கிய ஹெட்லைட்

போன வாரம் கேட்டிருந்தேனே, காட்டுப் பாதையில் இரவில் டர்ட் பைக் ஓட்டும்போது வேகம் குறைந்தாலே ஹெட்லைட் மங்குகிறது என்று. என் பைக்கில் பேட்டரியே கிடையாது. மின்சாரம் ஸ்டேட்டரிலிருந்து, அதாவது இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்கும் கம்பிச் சுருளிலிருந்து, நேராக வருகிறது. இன்ஜின் சுற்று குறைந்தால் வெளிச்சமும் குறையும். சரி என்று ஹெல்மெட்டில் தனி பேட்டரியோடு ஒரு எல்இடி விளக்கு மாட்டினேன்.

நேற்று நண்பர்கள் மூவரோடு போய்ப் பார்த்தேன். வளைவில் ஹேண்டில்பார் திரும்பும் முன்பே, தலை திரும்பிய பக்கம் வேர்களும் ஈரக் கற்களும் பளிச்சென்று தெரிந்தன. ஒரே தொல்லை புழுதி. முன்னால் போகிறவன் கிளப்பியதில் வெளிச்சம் பட்டு வெள்ளைச் சுவர் மாதிரி நின்றது. அப்புறம் நல்ல இடைவெளி விட்டோம். பாதை பிரியும் இடங்களில் பின்னால் வருபவன் விளக்கு தெரியும்வரை காத்திருந்தோம். நின்று பேசும்போது விளக்கை அணைக்க மறந்து எல்லோர் கண்ணையும் கூசவைத்து, திட்டும் வாங்கினேன்.