ரெசோனேட்டர் கிட்டாரில் விரலால் வாசிக்க எளிய பாட்டுகள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. சாதாரண கிட்டாரில் கார்டு பிடித்துப் பாடும் அளவுக்கு எனக்குக் கை வரும். இப்போது கையில் இருப்பது உருண்டைக் கழுத்து ரெசோனேட்டர், அதாவது உள்ளே இருக்கும் உலோகக் கூம்பு (கோன்) ஒலியைப் பெருக்கும் கிட்டார்; ஒற்றைக் கோன் வகை. விரலாலேயே வாசித்துப் பழக ஆசை.

எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கும் ஓப்பன் ஜி-யில் சுருதி கூட்டியிருக்கிறேன். அதாவது ஆறு, ஐந்து, ஒன்றாம் கம்பிகளை ஒரு முழு டோன் இறக்கி, தடித்த கம்பியிலிருந்து டி-ஜி-டி-ஜி-பி-டி. கட்டைவிரல் ஐந்திலும் நான்கிலும் மாறி மாறி பேஸ் தட்டும்வரை பிரச்சினை இல்லை. மெட்டு இரண்டு தட்டுக்கு நடுவே விழும் இடம் வந்தால் போதும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலின் பின்னாலேயே ஓடிவிடுகிறது!

இன்னொன்று, கோன் இருப்பதால் பேஸ் கம்பிகள் உரக்க ஒலித்து மெட்டை மூடிவிடுகின்றன. உள்ளங்கை ஓரத்தால் அடக்கலாம் என்றால் பிரிட்ஜ் மேலுள்ள தகடு இடிக்கிறது. நீங்கள் கையை எங்கே வைக்கிறீர்கள்? கட்டைவிரலுக்குப் பிக் மாட்டுகிறீர்களா, வெறும் விரல்தானா?

இரண்டு மூன்று கார்டுக்குள் அடங்கும், மெதுவான புளூஸ் அல்லது நாட்டுப்புற மெட்டுகள் இருந்தால் சொல்லுங்கள். டேப் (எந்தக் கம்பியில் எந்தக் கட்டம் என்று எண்ணால் காட்டும் குறிப்பு) இருந்தால் ரொம்ப நல்லது. கம்பி மேல் குழாயை வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு இப்போதைக்கு வேண்டாம், அது அப்புறம். ஓப்பன் டி-யில்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்பவர்கள் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.